படகுப் பொறியும் ஆவியாகிப் போன பெட்ரோலும்

சிறு படகு ஒன்றில் துடுப்பு வலித்தவர்க்கு ஓர் அனுபவம் உண்டு. புறப்படும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு துணைவந்த காற்று, திரும்பும்போது முகத்தில் அறைந்து எதிர்த்து நிற்கும். அந்த இரண்டாவது பயணத்தின் களைப்பிலிருந்தே நாம் இன்று பேசப்போகும் பொறி பிறந்தது எனலாம். படகின் வயிற்றுக்குள் அமராமல், பின்பலகையை வெளிப்புறமாகக் கவ்விக்கொண்டு, சுழல்விசிறியை மட்டும் நீருக்குள் தாழ்த்தி நிற்கும் பொறி அது. நம் கடற்கரையில் இதனை அவுட்போர்டு என்றே வழங்குகின்றனர். பொறியைத் திருப்பினால் படகும் திரும்பும். தனியே சுக்கான் வேண்டுவதில்லை. மாலையில் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஏழையின் படகுக்கும் இயந்திரம் வாய்த்தது இந்த ஒரு வசதியினாலேதான்.

இப்பொறியை முதலில் ஓட்டியது எண்ணெய் அன்று, மின்சாரம். குஸ்தாவ் திரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் 1881ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஐந்து மீட்டர் நீளப் படகொன்றை மின்பொறியால் ஓட்டிக் காட்டினார். மின்பொறியையும் சுழல்விசிறியையும் கழற்றக்கூடிய சுக்கானிலேயே பொருத்தியிருந்தார். எண்ணம் சிறந்ததே, ஆயினும் அந்நாளைய மின்கலங்களின் கனமும் செலவும் அதனைக் காட்சிப் பொருளாகவே நிறுத்திவிட்டன. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1905இல், அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் ஆற்றில் கேமரன் வாட்டர்மன் என்பவர் பெட்ரோலால் இயங்கும் பொறியைச் சோதித்தார். அதனை விற்பனைக்கும் கொண்டு வந்தார். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்ட பெயர் வேறொன்று.

ஓலே எவின்ரூட் 1877இல் நார்வேயில் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் பெற்றோருடன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடியேறியவர். மில்வாக்கி நகரில் இயந்திரத் தொழில் செய்து வந்த அவர், ஒரு கோடை நாளில், தாம் மணக்கவிருந்த பெஸ் என்னும் பெண்ணுடனும் நண்பர்களுடனும் ஒகாச்சி ஏரிக்குச் சென்றாராம். அந்தப் பெண் ஐஸ்கிரீம் கேட்டாள். ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குச் சென்று வாங்கினார். எதிர்காற்றில் வலித்துத் திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப் போயிற்று. படகுக்கு ஒரு பொறி வேண்டும் என்ற எண்ணம் அப்போதே தோன்றியது என்பர். இத்தகைய கதைகள் அழகாக இருப்பதனாலேயே அவற்றைச் சற்று ஐயத்துடன் கேட்பது நல்லது. ஆனால் 1909இல் அவர் செய்து விற்ற பொறி கதையன்று. அதன் எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோகிராம். ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். விலை 62 டாலர். கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் பெஸ் அம்மையாரே ஏற்று நடத்தினார். இனி வலிக்க வேண்டாம், துடுப்பைத் தூர எறியுங்கள் என்னும் கருத்தில் அவர் எழுதிய விளம்பரம் அப்பொறியை ஊரூராகக் கொண்டு சேர்த்தது.

பெரும்பாலான அவுட்போர்டுகள் நெடுங்காலம் இரட்டை வீச்சுப் பொறிகளாகவே இருந்தன. இவற்றில் மசகெண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவர். எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையைப் புதிதாக நுழையும் எரிபொருட் கலவையே செய்யும். அவ்வாறு தள்ளும்போது அக்கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். பழைய பொறிகளில் இவ்வாறு வீணாகும் எரிபொருள் நான்கில் ஒரு பங்கு வரை உண்டு. அவுட்போர்டின் புகைவழி பெரும்பாலும் நீருக்குள்ளேயே திறப்பதால் அந்த எண்ணெயும் நீரிலேயே கலக்கும். படகுத்துறையின் நீர்மேல் வானவில் நிறங்காட்டும் படலத்தைப் பார்த்துச் சிறுவர்கள் மகிழ்வதுண்டு; மீனுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையே உள்ள தாஹோ ஏரி, தெளிந்த நீருக்குப் பெயர் பெற்றது. அங்கே 1999ஆம் ஆண்டு முதல் பழைய வகை இரட்டை வீச்சுப் பொறிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இனி, நம் கதையின் மற்றோர் இழையைப் பார்ப்போம். அது தொடங்கியது ஏரியில் அன்று. பிட்ஸ்பர்க் நகரத்து அலுவலகம் ஒன்றில். எவின்ரூட்டின் பொறி சந்தைக்கு வந்த மறு ஆண்டு, 1910இல், வால்டர் ஸ்னெல்லிங் என்னும் வேதியியலாளரிடம் ஒரு மோட்டார் வண்டிக்காரர் முறையிட்டார். தாம் ஒரு காலன் பெட்ரோல் வாங்கினால் வீடு சேருவதற்குள் பாதிதான் எஞ்சுகிறது, கடைக்காரர் ஏமாற்றுகிறார், அரசு இதனை விசாரிக்க வேண்டும் என்பது அவர் வழக்கு. ஸ்னெல்லிங் அரசாங்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்தவர். ஆராய்ந்ததில் கடைக்காரர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. அந்நாளைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் சில பொருள்கள் கலந்திருந்தன. அவையே பறந்து போய்க்கொண்டிருந்தன. புரொப்பேன், பியூட்டேன் என்பவை அவற்றுள் முக்கியமானவை. பழைய வெந்நீர்க் கலத்தின் சுருள் குழாய் முதலியவற்றைக் கொண்டே ஸ்னெல்லிங் ஒரு வடிகலம் அமைத்து அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1913இல் காப்புரிமை பெற்று, அதனை ஐம்பதாயிரம் டாலருக்கு விற்றார். நம் அடுக்களையில் சிவப்பு உருளைக்குள் அடைபட்டிருப்பது இவ்விரு வாயுக்களின் கலவையே.

புரொப்பேனின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் அது சுழியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடும். உருளைக்குள் அடைத்து வைத்தால் தன் அழுத்தத்தாலேயே நீர்மமாக நிற்கும். 20 பாகை வெப்பத்தில் அந்த அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்கு. ஆகவே பொறிக்கு அதனை அனுப்ப எண்ணெய் ஏற்றி தேவையில்லை. திறந்துவிட்டால் தானே வரும். பெட்ரோலைப்போல் மாதக்கணக்கில் கிடந்து பிசினாகி நுண்துளைகளை அடைக்காது. சிந்தினாலும் நீர்மேல் படலமாக மிதக்காது.

இத்தனை நலன் இருந்தும் படகு அதனை ஏற்க ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? 1950இல் சிக்காகோ நகரப் போக்குவரத்து நிறுவனம் புரொப்பேனில் ஓடும் ஆயிரம் பேருந்துகளுக்கு ஆணை தந்தது. அதே ஆண்டு எவின்ரூட்டின் சொந்த ஊரான மில்வாக்கியிலேயே 270 வாடகைக் கார்கள் இவ்வாயுவுக்கு மாற்றப்பட்டன. தெருவில் வாடகைக் கார் வாயுவில் ஓட, ஏரியில் படகு பெட்ரோலில் ஓடியது. விடை பொறிக்குள் இல்லை, கரையில் இருக்கிறது என்பதே என் கருத்து. பேருந்தும் வாடகைக் காரும் இரவில் தத்தம் கொட்டிலுக்குத் திரும்புகின்றன. அங்கே ஒரு வாயுத் தொட்டி வைத்தால் போதும். படகோ நூறு துறைகளில் ஒதுங்குவது. எந்தத் துறையில் எது கிடைக்கிறதோ அதுவே அதன் உணவு. நம் தென்கடற்கரையிலும் இதுவே நிகழ்ந்தது. 1980களில் வள்ளங்களில் அவுட்போர்டு பரவியபோது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகையே கைக்கொள்ளப்பட்டது. மண்ணெண்ணெய் உயர்ந்தது என்று மீனவர் கருதியதனால் அன்று. அது மலிவாகக் கைக்கெட்டியது.

கலிபோர்னியாவைச் சேர்ந்த லெஹ்ர் நிறுவனம் 2012இல் புரொப்பேனுக்கென்றே செய்த சிறு அவுட்போர்டுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அவை இரண்டரை, ஐந்து குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சுப் பொறிகள். துறையில் வாயு நிலையம் இல்லாத குறைக்கு அவர்கள் கண்ட வழி எளியது. அமெரிக்கர் காட்டில் கூடாரமிட்டுச் சமைப்பதற்கு வாங்கும் ஒரு பவுண்டு வாயுக் குப்பி அங்கே சிறு கடைகளிலும் கிடைக்கும். அதனையே பொறியில் திருகி மாட்டும்படி செய்தனர். நெடுநேரம் ஓட வேண்டுமாயின் பெரிய உருளையிலிருந்து குழாய் வழியே வாயு பெறலாம். பின்னர் ஜப்பானியத் தோஹத்சு நிறுவனமும் ஐந்து குதிரைத்திறனில் இத்தகைய பொறியை வெளியிட்டது.

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. ஒரு லிட்டர் புரொப்பேன் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் நான்கில் மூன்று பங்களவே. ஆவியாகும்போது உருளையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் உருளை குளிர்ந்து, புறத்தே உறைபனி படியும். குளிர் மிகுந்தால் அழுத்தம் குன்றும். பெரிய பொறிக்கு வேண்டிய அளவு வாயுவைச் சிறு குப்பி அவ்வளவு விரைவில் ஈயாது. எல்லாவற்றிலும் கவலைக்குரியது கசிவு. இவ்வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது. மூடிய படகின் அடித்தளத்தில் தண்ணீரைப்போல் தேங்கி, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். பெட்ரோலின் ஆவியும் கனமானதே. அதனால் வெடித்த படகுகளும் உண்டு. ஆனால் வாயு உருளை அழுத்தம் நிறைந்தது. கசிந்தால் விரைந்து கசியும். அதனாலேயே உருளையைத் திறந்த வெளியில், கசிவு படகுக்கு வெளியே வழிந்துபோகும்படி வைக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். இயல்பில் மணமற்ற வாயுவில், மூக்கைத் துளைக்கும் நாற்றமுள்ள பொருளைக் கலப்பதும் இந்த அச்சத்தாலேதான்.

ஆகவே வாயுப் பொறி நெடுங்கடலுக்குச் செல்லவில்லை. சிறு ஏரிகளில் தூண்டில் போடுவோரிடத்தும், பாய்மரக் கப்பலில் நெடும்பயணம் செல்வோரிடத்தும் அது நின்றது. பின்னவர்க்கு அது பொருந்திய காரணம் வேடிக்கையானது. அவர்களுடைய கப்பலில் அடுப்பெரிக்கப் புரொப்பேன் உருளை முன்பே உண்டு. நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்குப் போய்வரும் குட்டிப் படகுக்காக மட்டும் அவர்கள் தனியே ஒரு பெட்ரோல் கலத்தைச் சுமந்து திரிந்தார்கள். அந்தக் கலத்தை இறக்கி வைத்துவிட்டு, அடுக்களை உருளையையே படகுக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.