ஆதிவராகர் (திருமலை)

ஆதிவராகர், திருமலையில் திருவேங்கடமுடையானுக்கு முன்பே குடியிருந்தவராகத் தலபுராணம் கூறும் தெய்வம். திருமாலின் பன்றி அவதாரமாகிய இவரைப் பூவராகர், வராகசுவாமி, ஞானப்பிரான் என்றும் வழங்குவர். திருமலைக்கு ஆதிவராக க்ஷேத்திரம் என்ற பெயர் இவரால் வந்தது. ஏழு மலைகளில் வேங்கடாத்திரியின் மேல், சுவாமி புஷ்கரிணிக் கரையில், பெரிய கோயிலுக்கு வடக்கே இவருக்குத் தனிக்கோயில் உண்டு. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்விடம் இப்போது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பூசை வைகானச ஆகமப்படி நடக்கிறது. மலைக்கு வருபவர் புஷ்கரிணியில் நீராடி, முதலில் வராகரைச் சேவித்து, அதன் பிறகே பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது மரபு. நைவேத்தியமும் முதலில் இவருக்கே. உலகில் மிகுதியாகச் சேவிக்கப்படும் தெய்வங்களுள் ஒன்று, பக்கத்தில் இருக்கும் சிறிய கோயிலுக்கு நாள்தோறும் முன்னுரிமை தருகிறது என்பதே இத்தலத்தின் தனித்தன்மை.

வேதத்துப் பன்றி

பன்றி உருவில் நிலத்தை மீட்ட கதை திருமாலுடையதாகத் தொடங்கவில்லை. தைத்திரீய சம்கிதையில் ஆதியில் இருந்தது நீர் மட்டுமே. அதன்மேல் காற்றாய் உலவிய பிரசாபதி, பன்றியாகி நிலத்தை மேலே கொண்டுவந்தார். சதபத பிராமணத்தில் அப்பன்றிக்கு ஏமூஷன் என்று பெயர். எதிர்த்து நிற்க அசுரன் எவனும் இல்லாத, வெறும் படைப்புக் கதை இது. அசுரன் இரணியாட்சன் பிற்காலத்தில் வந்து சேர்ந்தான். பிரசாபதியின் இடத்தைத் திருமால் எடுத்துக்கொண்டார். படைப்பின் பன்றி போரிடும் பன்றியாயிற்று.

அரசர்களுக்கு இந்தப் போரிடும் பன்றி மிகவும் பிடித்துப்போனது. மத்தியப் பிரதேசத்து உதயகிரியில் ஐந்தாம் குகையின் பெரும் வராகச் சிற்பம் குப்தர் காலத்தது. ஏரணில் முழு விலங்காகவே நிற்கும் வராகத்தின் உடலில் ஹூண அரசன் தோரமாணனின் கல்வெட்டு இருக்கிறது. வாதாபிச் சாளுக்கியர் பன்றியையே இலச்சினையாகக் கொண்டனர். வாதாபியாகிய பாதாமியில் 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள மூன்றாம் குடைவரையில் வராகர் இடம்பெற்றிருக்கிறார். சாளுக்கியரின் பகைவரான பல்லவரும் பின்தங்கவில்லை. மாமல்லபுரத்தில் வராகக் குடைவரை ஒன்று. வழிபாடு இன்றும் நடக்கும் ஆதிவராகர் குடைவரை மற்றொன்று. பிரதிகார அரசன் போசன் 'ஆதிவராகன்' என்ற பட்டத்தைக் காசிலேயே பொறித்தான். விசயநகரத்தின் முத்திரையும் பன்றியே. வராகன் என்ற பொற்காசு அப்பெயரை அதிலிருந்து பெற்றது.

தமிழ்நாட்டில் திருமுட்டமும் திருவிடந்தையும் பெயர்பெற்ற வராகத் தலங்கள். வைகானச மரபு ஆதிவராகர், பிரளயவராகர், யக்ஞவராகர் என மூவகை வடிவங்களை வகுக்கிறது. அவற்றுள் முதல் வகையையே திருமலைத் தெய்வத்தின் பெயர் குறிக்கிறது.

வேங்கடத்தின் பழைய முகம்

தொல்காப்பியப் பாயிரத்தில் வேங்கடம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை. சங்கப் பாடல்களில் அது வறண்ட வழிகளும் யானைக்கூட்டங்களும் நிறைந்த மலை. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் கடந்துசெல்லும் இடம். மாமூலனார் அகநானூற்றில் அதைக் கள்வர் கோமான் புல்லியின் மலை என்கிறார், திருவிழாக்களால் சிறந்தது என்றும் சொல்கிறார். விழா யாருக்கு என்று அவர் கூறவில்லை. புறநானூற்றில் ஆதனுங்கன் என்ற தலைவனும் வேங்கடத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறான். தெய்வம் தெளிவாகத் தெரிவது சிலப்பதிகாரத்தில்தான்: காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், சக்கரமும் சங்கும் ஏந்தி வேங்கடத்து உச்சியில் நிற்கும் நெடியோனைக் காட்டுகிறான். அங்கே பன்றி முகம் இல்லை. நின்ற கோலமே உள்ளது.

ஆழ்வார்கள் காலத்தில் மலை முழுமையாக வைணவத்துக்குள் வந்துவிட்டது. பன்றியாய் நிலம் இடந்த செயலை அவர்கள் பாடாத இடமில்லை என்றே சொல்லலாம். நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முடிவுப் பகுதியில் அப்பன்றியையே ஞானப்பிரான் என்கிறார். வைணவ உரைகளும் திருமலை வழக்கும் வராகரைக் குறிக்கும் பெயர் இதுவே. ஆனாலும் வேங்கடத்தில் அவர்கள் மனம் கரைந்தது நிற்கும் பெருமாளிடம்தான். குலசேகராழ்வார் கோனேரியில் (புஷ்கரிணியில்) வாழும் பறவையாகப் பிறக்க ஏங்கியதும் அந்தப் பெருமாளுக்காகவே.

நிற்கும் அந்த வடிவம் யாருடையது என்ற கேள்வி நெடுங்காலம் ஓயவில்லை. பேயாழ்வார் தாழ்சடையையும் நீள்முடியையும் ஒரே உருவில் கண்டு பாடியதைச் சைவர் தமக்குச் சான்றாகக் கொண்டனர். முருகன் என்போரும் இருந்தனர். அருணகிரிநாதரின் திருப்புகழில் வேங்கடமும் இடம்பெறுகிறது. வழக்கைத் தீர்த்து வைத்தவர் இராமானுசர் என்பது வைணவ மரபு. புஷ்கரிணிக் கரையில் இருந்த வராகரைப் பற்றி இத்தகைய வழக்கு எழ வழியில்லை. பன்றி முகத்துக்கு வேறு சமயத்தார் உரிமை கோர முடியாது. மலையின் முதல் உரிமையாளர் வராகர் என்று தலபுராணம் உறுதியாகச் சொன்னபோது, மலை தொடக்கத்திலிருந்தே திருமாலுடையது என்ற வாதமும் அதனுள் அடங்கிவிட்டது. வராகரின் முதன்மை பக்திக் கதை மட்டுமன்று. ஒருவகை உரிமைப் பத்திரமும்கூட.

சாமைப் புனம்

வேங்கடாசல மாகாத்மியம் பல புராணங்களிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் பகுதிகளின் தொகுப்பு. சுவேத வராக கல்பத்தில் நிலத்தை மீட்ட வராகர் வைகுண்டம் திரும்ப மனமின்றி இங்கேயே தங்க விரும்பினார். கருடன் வைகுண்டத்திலிருந்து விளையாட்டு மலையைக் கொண்டுவந்து இறக்கினான். அவர் புஷ்கரிணியின் மேற்குக் கரையில் அமர்ந்தார் என்று அது தொடங்குகிறது. இந்தப் பகுதி வேறு பல தலபுராணங்களின் வார்ப்பில்தான் உள்ளது. அதன் நடுவே வரும் வசுவின் கதை அப்படியல்ல.

வசு மலையில் வாழும் வேடர் தலைவன். மனைவி சித்திரவதி, மகன் வீரன். சாமை விளைத்து, அரிசியாக்கி, தேன் கலந்து பெருமாளுக்குப் படைப்பது அவன் வழக்கம். ஒருநாள் தேன் தேடிப் போன அவன் திரும்பத் தாமதமாயிற்று. மகனே படைத்துவிட்டு உண்டான். வந்து பார்த்த தந்தை சினந்து வாளை ஓங்க, பெருமாள் தோன்றித் தடுத்தார். பிறகு ஓரிரவு வெள்ளைப் பன்றி ஒன்று சாமைப் புனத்தை மேய்வதை வசு கண்டான். வில்லோடு துரத்தினான், அது ஒரு புற்றுக்குள் புகுந்து மறைந்தது. விடியும்வரை புற்றைத் தோண்டியவன் மயங்கி விழுந்தான். மகன்மேல் ஆவேசமாக வந்த தெய்வம் தன்னை வராகன் என்று அறிவித்து, தொண்டைமான் அரசனிடம் செய்தி சொல்லச் சொன்னது. அரசன் வந்து புற்றைப் பாலால் கரைத்து வராகரை வெளிப்படுத்தினான்.

புனத்தைப் பன்றியிடமிருந்து காப்பது குறிஞ்சி நிலத்து அன்றாடப் பாடு. சங்கக் குறிஞ்சிப் பாடல்களின் நிலையான காட்சியும் அதுவே. சேசாசலக் காடுகளில் இன்றும் காட்டுப்பன்றி உண்டு. பயிரை அழிக்கும் விலங்கே தெய்வமாக மாறுவதும், அது அரண்மனைக்கு முன்பே வேடன் வயலுக்கு வருவதும், வேடன் வழியாகவே அரசனுக்குச் செய்தி போவதும் சமஸ்கிருதப் புராணப் போர்வைக்குள் மலைவாழ் மக்களின் கதை ஒன்று இருப்பதைக் காட்டுகின்றன. புற்று, பால், ஆவேசம் மூன்றும் தொண்டை நாட்டு நாட்டார் வழிபாட்டுக்கு நெருங்கியவை. இதே புற்றும் பாலும் திருவேங்கடமுடையானாகிய சீனிவாசன் கதையிலும் உண்டு: புற்றில் மறைந்திருந்த பெருமாளுக்குப் பசு பால் சொரிந்தது, இடையன் எறிந்த கோடாலி அவர் தலையில் பட்டது. ஒரே மலையில் இரண்டு தெய்வங்களும் புற்றிலிருந்தே வெளிப்படுவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

நூறடி நிலம்

காயத்துக்கு மருந்து தேடி அலைந்த சீனிவாசன் வராகரைச் சந்தித்தார். இருவரும் ஒருவரே என்பதைப் புராணம் மறைக்கவில்லை. ஆயினும் பேச்சு நில உரிமையாளனும் குடியிருப்போனும் பேசும் பேச்சாகவே நடந்தது. தங்க இடம் கேட்டவரிடம் வராகர் விலை கேட்டார். கையில் பொருள் இல்லை, திருமகள் பிரிந்துபோயிருந்தாள். நூறடி நிலத்துக்கு ஈடாக, தன்னைக் காண வருவோர் முதலில் வராகரைக் காண்பர், முதல் பூசையும் முதல் நைவேத்தியமும் அவருக்கே என்று சீனிவாசன் ஒப்புக்கொண்டார். வராகரும் தம்மிடம் பணிசெய்த வகுளமாலிகையைச் சீனிவாசனுக்கு உணவு சமைத்துக் கவனிக்க அனுப்பினார். சீனிவாசன்–பத்மாவதி திருமணத்தை முன்நின்று நடத்தியவள் அவளே.

அத்திருமணச் செலவுக்குக் குபேரனிடம் வாங்கிய கடனை எல்லாரும் அறிவர். உண்டியல் காணிக்கை அதற்கு வட்டி என்பர். ஆக, இம்மலைத் தெய்வத்துக்குக் கடன் இரண்டு. ஒன்று பணமாகத் தீர்கிறது, மற்றொன்று வரிசை முறையாகத் தீர்கிறது. முதலாவதுதான் உலகப் புகழ் பெற்றது.

மூத்த தெய்வமும் இளைய தெய்வமும் சந்திக்கும் இடங்களில் பிற மரபுகள் பெரும்பாலும் போரையே சொல்கின்றன. ஹீசியடின் கிரேக்கக் கதையில் யுரேனஸைக் குரோனஸும் குரோனஸை ஜீயஸும் வீழ்த்துகின்றனர். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சித்திரக்கதைகளும் அதே வழியில் போயின. மார்வெல் உலகில் செட், க்தோன் போன்ற மூத்த கடவுளர் சீரழிந்து பூமியைவிட்டு விரட்டப்படுகின்றனர்; நிலத்தின் தாயான கையா மட்டும் இளைய தெய்வங்களோடு உறவு கொண்டு, தோருக்கே தாயாகி நிலைக்கிறாள். திருமலைக் கதை கையாவின் வழிக்கு நெருங்கியது. இங்கும் நிலத்தோடு தொடர்புடைய தெய்வமே தப்பி நிற்கிறது; ஆனால் தாய்மையால் அல்ல, ஒப்பந்தத்தால்.

நிலத்தைத் தூக்கிய தெய்வத்தின் மலையில் நிலத்தின் வயதும் கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பதியிலிருந்து ஏறும் மலைப்பாதையில், 250 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட கருங்கல் பாறைமேல் ஏறத்தாழ 160 கோடி ஆண்டுப் படிவப் பாறை அமர்ந்திருக்கும் கோட்டைக் காணலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதையும் மேலேயுள்ள சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்துள்ளது.

கல்வெட்டும் நிருவாகமும்

திருமலை, திருப்பதிக் கோயில்களில் கிடைத்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை, பெரும்பாலானவை தமிழ். அவற்றின் கவனம் பெரிய கோயிலின் மேல்தான். விளக்கு, அமுதுபடி, நந்தவனம், திருவிழா என்று அறக்கட்டளைகள் குவிந்தது திருவேங்கடமுடையானுக்கு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக ஆய்வாளர் பலர் கருதும் அரசி சாமவையின் வெள்ளித் திருமேனிக் கொடை தொடங்கி, 1513 முதல் 1521 வரை ஏழு முறை மலையேறிய கிருட்டிணதேவராயரின் கொடைகள் வரை இதுவே நிலை. பன்றி முத்திரை தாங்கிய பேரரசனும் பொன்னையும் மணியையும் நின்ற பெருமாளுக்கே சூட்டினான்.

வராகரின் முதன்மை கோயிலில் வேரூன்றத் தலபுராணத்துக்குக் கிடைத்த ஏற்பு உதவியிருக்க வேண்டும். 1491-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று திருவேங்கட மாகாத்மியம் பெருமாள் முன் படிக்கப்படுவதற்கு ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. நில ஒப்பந்தக் கதை இவ்வாறு சன்னிதியிலேயே கேட்கத் தொடங்கிய பின் அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

நிருவாகம் பல கைகள் மாறியது. 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்த கோயில் 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடமும், 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1933-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்திடமும் சென்றது. வராகருக்குரிய முதல் நைவேத்தியம் இன்றும் தொடர்கிறது. பிரம்மோற்சவத்தின் கடைசி நாளில் உற்சவர் மலையப்ப சுவாமி உபய நாச்சியாரோடும் சக்கரத்தாழ்வாரோடும் வராகசுவாமி கோயிலுக்கு எழுந்தருளி, அங்கே திருமஞ்சனம் கண்ட பிறகே புஷ்கரிணியில் சக்கரஸ்நானம் நடைபெறும். வராக ஜெயந்தியும் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.

பக்தர் பக்கத்தில்தான் ஒப்பந்தம் தளர்ந்திருக்கிறது. காத்திருப்பு மண்டபங்களின் வரிசை நேராகப் பெரிய கோயிலுக்குள் கொண்டுபோய் விடுகிறது. பெருமாளைச் சேவித்து, லட்டு வாங்கியபின் நேரமிருந்தால் வராகரைப் பார்ப்போர் பலர். அப்படி ஒரு கோயில் இருப்பதை அறியாமலே இறங்குவோரும் உண்டு. பழைய குடும்பங்களில் பெரியவர்கள் மட்டும் முறை தவறாமல், குளக்கரைக் கோயிலுக்குப் போய்வந்த பிறகே வரிசையில் நிற்கின்றனர்.