இழைக்காத சந்தனக்கல்

எங்கள் வீட்டுச் சந்தனக்கல்லில் 1992 ஜூனுக்குப் பிறகு யாரும் சந்தனம் இழைக்கவில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கல், நடுவில் தேய்ந்து குழிந்தது. சித்தேரி மலையில் நான் பிறந்த வீட்டு மாடத்தில் இருந்தது. இப்போது அரூரில் என் பேன்சி ஸ்டோரில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளையல் வாங்க வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கடையில் இப்போது அதிகம் போவது முகத்துக்குப் பூசுகிற சாமான்கள்தான். "அக்கா, பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு குடுங்க" என்று ஜோடியாகக் கேட்கிறார்கள். மலையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் அப்படித்தான். செல்போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவின் பாண்ட்ஸ் கம்பெனி இந்தக் கணக்கைச் சொல்லி விற்றது. பகலில் வானிஷிங் க்ரீம், படுக்கப்போகும் முன் கோல்ட் க்ரீம், ஒரு முகத்துக்கு இரண்டும் வேண்டும் என்பது அவர்கள் விளம்பரம். முதலாவது பூசியதும் கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு சேர்ந்து, மேலே பவுடர் நிற்க இடம் கொடுக்கும். இரண்டாவது எண்ணெய்ப் பசையோடு அழுக்கை இளக்கி எடுக்கும். நம் நாட்டில் 1919ல் பம்பாயில் பாடன்வாலா என்பவர் அப்கான் ஸ்னோ கொண்டுவந்தார். அந்த 'ஸ்னோ' எங்கள் பக்கம் வரை ஒட்டிக்கொண்டது. என் அம்மாவுக்கு எந்த க்ரீமும் ஸ்னோதான்.

டப்பா எதுவும் இல்லாத காலத்திலும் என் ஆயாவுக்குப் பகல் வேறு, ராத்திரி வேறு. சாமைக் கொல்லைக்குப் போகும்போது முகத்தில் எதையும் பூசமாட்டாள். வேர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கும் என்பாள். முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொள்வதுதான் அவளுடைய வெயில் மருந்து. பொழுது சாய்ந்து வந்த பிறகுதான் முகத்துக்கு வேலை. வெந்நீர், பச்சைப்பயறு மாவு, கிடைத்தால் அதில் காய்ந்த ஆவாரம்பூப் பொடி. செவ்வாயும் வெள்ளியும் முட்டா மஞ்சளைக் கல்லில் உரசிப் பூசிக் குளிப்பாள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சள் விளைகிற பூமி என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. விரலி மஞ்சளைக் குழம்புக்கு ஒதுக்கிவிட்டு, உருண்டைக் கிழங்கை மட்டும் முகத்துக்கு எடுத்துவைப்பாள். சூட்டுக்கொப்புளம், பரு என்றால் ராத்திரியில் சந்தனம். மார்கழிப் பனியில் கன்னம் வெடித்தால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு.

அவள் செய்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேன் அழித்து வருகிறவர்கள் கொடுக்கும் மெழுகை நல்லெண்ணெயில் போட்டு உருக்கி, ஆறவைத்துக் கொட்டாங்கச்சியில் வைத்திருப்பாள். குதிகால் வெடிப்புக்கும் உதட்டுக்கும் அதுதான். கடை வைத்த பிறகு நான் தெரிந்துகொண்டது: கோல்ட் க்ரீமுக்கு மூலம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற வைத்தியர் சொன்னதாகக் கூறப்படும் பக்குவம். தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர். ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய், பன்னீர் மட்டும் இல்லை; மற்றபடி அதே பக்குவம்தான் எங்கள் கொட்டாங்கச்சியில் இருந்தது. கேலனின் பெயர் அவள் காதில் விழுந்திருக்காது. மெழுகையும் எண்ணெயையும் கையில் வைத்திருந்த மனுஷர்கள் அவரவர் இடத்தில் தாங்களே கண்டுகொண்டது என்றுதான் நான் நம்புகிறேன்.

மலையிலிருந்து கீழே போன சரக்கிலும் தோல் சம்பந்தப்பட்டதே அதிகம். சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லி, கடுக்காய். தலைச்சுமையாக இறக்கி யாவாரியிடம் படிக்கணக்கில் போட்டவர்கள், பிறகு பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கம் வந்ததும் எடைக்குப் போட்டார்கள். கடுக்காயின் துவர்ப்புக்கு மாட்டுத்தோலைக் கெட்டியாக்கும் சக்தி உண்டு. ஆவாரம்பட்டையும் அதற்குத்தான். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகள் இந்த இரண்டையும் நம்பித்தான் வெகுகாலம் ஓடின. ஆவாரையின் பட்டை செத்த தோலைப் பதனிட்டது, பூ எங்கள் தோலைக் கழுவியது. பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

சந்தனம் மட்டும் இந்த யாவாரக் கணக்கில் சேராது.

அது தனித்து வளராத மரம். பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கோத்துச் சாப்பாட்டில் ஒரு பங்கை அங்கிருந்து எடுக்கும். மணம் முழுக்க நடுச்சேகில்தான். அந்தச் சேகு நன்றாக ஏறப் பல வருஷம் ஆகும். மைசூரில் திப்பு சுல்தான் 1792ல் இதை அரசுக்கே உரிய மரமாக்கினார் என்பார்கள். அதே 1792ல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எங்கள் பாரமகால் சீமை கும்பினியின் கைக்குப் போனது. 1882ல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. யார் ஆண்டாலும் சந்தனத்தின் மேல் ஒரு கண் இருந்தது. காட்டில் வெட்டிய கட்டைகள் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளில் ஏலம் போயின. முதல் உலகப்போரில் கட்டைகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப வழியடைத்தபோது மைசூர் சமஸ்தானம் 1916ல் தானே எண்ணெய் வடிக்கும் ஆலை தொடங்கியது. சந்தன சோப்பும் அதிலிருந்து பிறந்ததே. எங்கள் ஆட்கள் தங்கள் பட்டாவில் தானாக முளைத்த கன்றைக்கூட வளர்க்கப் பயந்தார்கள். பட்டா நிலத்துச் சந்தனத்துக்கென்று தனி விதிகள் 2008ல்தான் வந்தன.

ஆயாவிடம் இருந்தது விரல் நீளக் கட்டை ஒன்று. அவள் மாமியார் கொடுத்தது. பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

1992 ஜூன் 20. எங்கள் மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்திக்குள், கடத்தல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஜனங்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். 269 பேர் மீது குற்றம்சாட்டப்பட்ட அந்த வழக்கில் தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருமே குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம், பிறகு இன்னும் பன்னிரண்டு வருஷம் அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள். அவர்களை நினைக்காமல் ஒரு சந்தன சோப்பைக்கூட என்னால் அலமாரியில் அடுக்க முடிவதில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்தி மேலே வந்த அன்று ராத்திரி ஆயா அந்தக் கட்டையை எடுத்தாள். அடுப்பில் போட்டால் மணம் காட்டிக்கொடுக்கும் என்று எருக்குழியில் ஆழமாகப் புதைத்தாள். கல்லைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினாள். மறுநாள் என் அக்காவின் முகத்தில் பரு வந்திருந்தது. ஆயா பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வேப்பிலையை அரைத்தாள்.

அதற்குப் பிறகு மலைக்கு மேலே ஏறி வந்தவை பாக்கெட்டுகள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983ல் ஆரம்பித்த சிக் ஷாம்பு ஐம்பது பைசாவுக்குக் கிடைத்தபோது சீயக்காய் இடிக்கும் சத்தம் எங்கள் ஊரில் குறைந்துபோனது. பின்னாலேயே சிவப்பழகு க்ரீம்கள். 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, வெள்ளையாக்கும் என்ற பேச்சு பிடிக்காமல்போன காலத்தில், 2020ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நானும் விற்றேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பாக்கெட் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. இடித்துக் கை காய்த்தவள் என் அம்மா. சாமைக் கொல்லையில் கறுத்த முகத்தைக் குறையென்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கியதுதான் எனக்கு ஆறவில்லை.

போன தை மாதம் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கன்னம் சிவந்து, தோல் வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது. ஏதோ ஒரு கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ட்யூபைக் காட்டி, ராத்திரிக்குப் பூசுவது என்றாள். பொடி எழுத்தைப் படித்தேன். பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. 2018ல் மத்திய அரசு இந்த மாதிரிப் பதினாலு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. தோல் டாக்டரைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதே என்று அனுப்பிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து முகம் தெளிந்து வந்தாள். இனி என்ன வாங்கலாம் என்று கேட்டாள்.

காலையில் எஸ்.பி.எஃப். 30 போட்ட சன்ஸ்கிரீன், ராத்திரி மிதமான சோப்பில் கழுவிவிட்டு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பூசு என்றேன். லைசென்ஸ் நம்பரும் செய்த ஊரும் இல்லாத டப்பா எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வேண்டாம், வெளுக்க வைப்பதற்குப் பாதரசம் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டே கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னக்கா அரைப்பாங்க?"

"சந்தனம் இழைக்கிற கல்லும்மா."

முகர்ந்து பார்த்தாள். "நிஜச் சந்தனம் நான் பார்த்ததேயில்ல. சோப்பு வாசம் மாதிரி இருக்குமா?"

சித்தேரியில் பிறந்த பிள்ளை. நான் யோசித்துச் சொன்னேன்: இல்லை, அதைவிட மெதுவாக வரும். முதலில் ஈரக்கல் வாசம், பிறகு கறந்த பால் மாதிரி ஒன்று. விரலில் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். காயும்போது தோலை லேசாகப் பிடித்து இழுக்கும். காலையில் கழுவினாலும் தலைகாணியில் நிற்கும்.