எருசலேமாக நடித்த நகரம்

பழமை, தொலைவில் நின்று காண்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் அழகாகவே தோன்றும். அப்பழமையினுள்ளே வாழ்ந்த மக்களுக்கு அஃது எவ்வாறு இருந்தது என்று கேட்பது வரலாறு பயில்வோர் கடமை. அக்கேள்வியை மிகுந்த அழுத்தத்தோடு எழுப்பும் ஊர் ஒன்றை நான் இத்தாலி நாட்டிலே கண்டேன். அதன் பெயர் மத்தேரா.

வரைபடத்தில் இத்தாலி ஒரு காலணியைப்போல் தோன்றும் என்பதை மாணவர்கள் அறிவர். அக்காலணியின் குதிகாலுக்கு அண்மையில், வளைந்த அடிப்பகுதியில் அமைந்திருப்பது பசிலிக்காட்டா என்னும் மாநிலம். அங்கே கிராவினா என்ற ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் மத்தேரா நிற்கின்றது. எதிர்க்கரையில் நின்று நோக்கினேன். மலைச்சரிவு முழுவதும் மென்மையான சுண்ணாம்புக்கல். அதனைக் குடைந்து ஆக்கிய குகைகளும், குடைந்தெடுத்த கல்லைக்கொண்டே குகைவாயிலில் கட்டிய முகப்புகளும் அடுக்கடுக்காக உயர்ந்து சென்றன. கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டாருக்குத் தெருவாக அமைந்திருந்தது. இக்குகைப் பகுதிகளுக்குச் ‘சஸ்ஸி’ என்று பெயர்; கற்கள் என்பது அச்சொல்லின் பொருள். உச்சியில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த பேராலயம் நகர் முழுவதையும் காத்து நிற்பதுபோல் காட்சியளித்தது.

இவ்வட்டாரத்தில் பழைய கற்காலம் முதற்கொண்டே மக்கள் வாழ்ந்ததற்குச் சான்றுகள் உள்ளன. இடைக்காலத்தில் துறவியர் பலர் இங்கு வந்து பாறையைக் குடைந்து கோயில்கள் அமைத்தனர். சுவர்களிலே திருவுருவங்களைத் தீட்டினர். மழை குறைந்த இவ்விடத்தில் இத்தனை மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற ஐயத்திற்கு விடை நிலத்தடியில் இருக்கின்றது. கூரையில் விழுந்த நீர் கால்வாய்களின் வழியே தொட்டிகளுக்குச் சென்றது. நகரின் பெரிய சதுக்கத்தின் அடியில் உள்ள நீர்த்தொட்டிக்குள் நான் இறங்கிப் பார்த்தேன். ஏறத்தாழ 50 இலட்சம் லிட்டர் நீரைக் கொள்ளத்தக்க அம்மண்டபம், பாறைக்குள் குடைந்த ஓர் ஆலயத்தை ஒத்திருந்தது. இவ்வூர் மக்கள் தம் அனுபவத்தால் கண்ட நுட்பம் அது.

இந்நகரம் 1663 முதல் 1806 வரை அம்மாநிலத்தின் தலைநகராக விளங்கியது. அப்பெருமை போயிற்று, மக்கள்தொகையோ பெருகிற்று. தொழுவங்களும் நீர்த்தொட்டிகளும்கூட வீடுகளாயின. கதவு ஒன்றே காற்றுக்கும் ஒளிக்கும் வழி. ஒரே குகையில் பெற்றோரும் மக்களும் முன்புறம் உறங்க, கோவேறு கழுதை பின்புறம் நின்றது. கட்டிலின் அடியில் கோழிகள் அடைந்தன. மலேரியாவும் கண்நோயும் குழந்தைகளை வாட்டின. பாசிச அரசினால் 1935இல் இம்மாநிலத்திற்கு நாடு கடத்தப்பட்ட மருத்துவரும் ஓவியருமான கார்லோ லேவி, 1945இல் வெளியிட்ட ‘கிறிஸ்து எபோலியிலே நின்றுவிட்டார்’ என்னும் நூலில் இத்துயரத்தை உலகறியச் செய்தார். மத்தேரா ‘இத்தாலியின் அவமானம்’ எனப் பெயர் பெற்றது. 1950இல் தலைமை அமைச்சர் தே காஸ்பெரி நேரில் வந்து கண்டார். 1952இல் குகைகளைக் காலி செய்யச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 15,000 மக்கள் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர்.

குகைகள் இவ்வாறு காலியாகிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே திரைப்படம் எடுக்கப்பட்டது. இயக்குநர் பசோலினி, மத்தேயு எழுதிய நற்செய்தியைப் படமாக்க விரும்பி, 1963இல் பாலஸ்தீனம் சென்று இடம் தேடினார். அந்நிலம் புதுமைக் கோலம் பூண்டுவிட்டதாக அவர் கருதினார். தம் நாட்டின் தென்பகுதிக்கே திரும்பினார். 1964இல் வெளிவந்த அப்படத்தில் மத்தேரா எருசலேமாயிற்று. தென்னாட்டு எளிய மக்களே கூட்டமாக வந்து நின்றனர். 2004இல் மெல் கிப்சன் இயக்கிய ‘கிறிஸ்துவின் பாடுகள்’ படத்திற்கும் அதுவே எருசலேம்.

நேயர்களே, இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட நகரமாக மத்தேரா தோன்றியதற்குக் காரணம் கல்லின் தொன்மை மட்டுமோ? மற்ற ஊர்களை மாற்றிய செல்வமும் சாலையும் சாக்கடையும் இவ்வூரை நெடுங்காலம் எட்டவில்லை. திரையில் நாம் வியக்கும் பழமையின் ஒரு பாதி, வறுமை காத்துவைத்த பழமையாகும். அங்கே நிலவிய அமைதியோ, குடிபெயர்ந்தவர்கள் விட்டுச் சென்ற அமைதி.

குடிபெயர்ந்ததனால் மக்கள் நலம் பெற்றனர் என்பதில் ஐயமில்லை. குடிநீரும் வெளிச்சமும் கிடைத்தன. எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. பல குகைகளுக்குப் பொதுவாக ஒரு முற்றம் இருந்தது. அங்கே பெண்கள் கூடி வேலை செய்தனர். ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டனர். புதிய ஊரான லா மார்த்தெல்லாவை வகுத்த கட்டடக் கலைஞர்கள் இவ்வுறவைக் காக்க முயன்றும், கல் முற்றத்தில் வளர்ந்த உறவை முழுமையாகப் பெயர்த்து நடுதல் எளிதாயில்லை.

பின்னர்க் காலம் திரும்பியது. 1986இல் சஸ்ஸியைப் புதுப்பிக்கச் சட்டம் இயற்றினர். 1993இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற சிறப்பும் வந்தது. அவமானம் என்று அடைத்த குகைகள் சில இன்று விலையுயர்ந்த விடுதிகளாக விளங்குகின்றன. பழைய நிலையிலேயே காட்சிக்கு வைத்துள்ள ஒரு குகைவீட்டையும் கண்டேன். பயணிகள் வரிசையாக உள்ளே சென்று, “எவ்வளவு அழகு!” என்று வியந்தனர். அக்கட்டிலில் பிறந்து, பிழைக்காது போன குழந்தைகளைப் பற்றிக் கல் பேசுவதில்லை.

அவமானம் என்று ஒரு தலைமுறையும் பெருமை என்று மறு தலைமுறையும் கூறியவை ஒரே குகைகள். நீர்த்தொட்டியை வெட்டியவர் அறிவையும் அங்கு நிகழ்ந்த துன்பத்தையும் ஒருங்கே காணும்போதுதான் நாம் மத்தேராவைக் கண்டவர் ஆவோம். பழைய நகரம் எதனைத் திரையிற் கண்டாலும், நேரிற் கண்டாலும், ‘இங்கு வாழ்ந்தவர் யாவர்? அவர் எங்கே சென்றனர்?’ என்று கேட்டுப் பழகுங்கள். கல்லை மட்டும் காண்பவன் பயணி. கல்லின் பின்னே மனிதரைத் தேடுபவனே வரலாற்று மாணவன்.