மிட்டாயும் வாக்குறுதியும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. மனித நடத்தையை ஆராய்வோர்க்கும் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. இதற்கு நம் நாட்டவர் சரித்திரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு.

1845 முதல் 1917 வரை இந்தியர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியார் அங்கே முன்னரே வாழ்ந்து வந்தனர். 1950-களில் வால்டர் மிஷெல் என்னும் மனோதத்துவ அறிஞர் அங்குச் சென்றபோது, இரு சாராரும் ஒருவரையொருவர் குறை கூறக் கேட்டார். மற்றவர் நாளையை நினையாதவர் என்றனர் இந்தியர். இந்தியர் பணத்தைப் பதுக்கி வைத்து, வாழத் தெரியாதவர் என்றனர் மற்றவர்.

சிறிய மிட்டாய் இப்போதே வேண்டுமா, பெரிய மிட்டாய் ஒரு வாரம் கழித்து வேண்டுமா என்று மிஷெல் இரு சாராரின் பிள்ளைகளையும் கேட்டார். காத்திருக்க இசைந்தோர் இந்தியப் பிள்ளைகளிடையே மிகுதி. 1958-இல் வெளியான இம்முடிவைக் கண்டு, ‘இனமே காரணம்’ என்று சொல்லிவிடுவது எளிது. மிஷெல் அவ்வாறு சொல்லவில்லை. தந்தை வீட்டில் இல்லாத பிள்ளைகளே உடனே கிடைப்பதைப் பெரிதும் விரும்பினர். அத்தகைய குடும்பங்கள் ஆப்பிரிக்க வமிசத்தாரிடையே மிகுதி. தந்தை உடனிருந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டபோது இன வேறுபாடு மறைந்தது.

அவ்வாறாயின் தந்தையின்மைதான் காரணமா? வறுமையாகவும் இருக்கலாம். சொன்ன சொல்லைக் காக்கும் ஆடவரைப் பிள்ளை அதிகம் கண்டிராமையாகவும் இருக்கலாம். ஊகங்களைச் சோதித்தே தேற வேண்டும்.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 28 சிறுவரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வாக்களித்த ஓவியப் பொருள்களைக் கொடுத்தனர், மற்றதை ஏமாற்றினர். பின்னர் மிட்டாயை முன்வைத்துக் காத்திருக்கச் சொன்னபோது, முதற் பிரிவினர் சராசரி 12 நிமிஷம் பொறுத்தனர். ஏமாந்தவர் 3 நிமிஷமே பொறுத்தனர். வேறுபாட்டை ஆய்வாளரே உண்டாக்கியமையால் இது பனம்பழக் கதையன்று. டிரினிடாட் பிள்ளைகளுக்கும் நம்பிக்கையின்மையே காரணம் என்று இது நிலைநாட்டாவிடினும், அவ்வூகத்துக்கு வலுவூட்டுகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மைப் பற்றி, ‘மதராஸிகள் இப்படித்தான்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கம்பக்கத்தாரைப் பற்றி நாமும் அவ்வாறே சொல்லியிருக்கிறோம். இனி அச்சொல் நாவில் எழும்போது, ‘வேறு காரணம் என்னவாக இருக்கக்கூடும்?’ என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.