பச்சை ஸ்க்ரூ வேண்டாம்

அமெரிக்காவில் வீட்டை ஒட்டாமல் தனியே நிற்கும் கராஜுக்குச் சப்-பேனல் வைக்க எலக்ட்ரீசியன் எழுதும் வேலைச் சீட்டு அரைப் பக்கம்கூட வராது. அந்த மாதிரிச் சீட்டு ஒன்றின் மூலம் இது:

"வீட்டு மெயின் பேனலில் 60 ஆம்ப் டபுள் போல் பிரேக்கர். பிவிசி பைப்பில் நான்கு செம்புக் கம்பி: 6 கேஜ் மூன்று, 10 கேஜ் பச்சை ஒன்று. பள்ளம் 18 அங்குலம். கராஜில் 100 ஆம்ப் பெட்டி, மெயின் சுவிட்சோடு. நியூட்ரல், எர்த் தனித்தனி. பச்சை ஸ்க்ரூ வேண்டாம். எர்த் ராடு இரண்டு. பெர்மிட் உண்டு."

60 ஆம்ப் டபுள் போல் பிரேக்கர். அமெரிக்க வீட்டுக்கு லைன் கம்பி இரண்டு வருகிறது. ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். இரண்டுக்கும் நடுவே 240. டபுள் போல் என்றது, இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் அறுக்க வேண்டும் என்பதால். 60 என்றது பள்ளத்தில் போகும் கம்பியின் தாங்குதிறனை நோக்கி; கராஜுக்காரர் ஆசையை நோக்கி அல்ல. சப்-பேனல் வைத்தால் கரண்ட் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது பிரேக்கர் வைக்கும் இடம் மட்டும்தான். வீட்டுக்கு வரும் மொத்த கரண்ட் அதேதான். மின்கார் சார்ஜர் மணிக்கணக்கில் ஓடும் லோடு என்பதால் அதன் ஆம்பைப் போல் ஒன்றேகால் மடங்கு கணக்கில் வைக்க வேண்டும். 32 ஆம்ப் சார்ஜருக்கு 40 போய்விடும். மிச்சத்தில் விளக்கும் ரம்பமும் ஓடும். 48 ஆம்ப் சார்ஜர் என்றால் 60-உம் அதற்கே சரியாகிவிடும். அப்போது சீட்டையே மாற்றி எழுத வேண்டும்.

இந்த பிரேக்கரை மாட்டப் பேனலைத் திறப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. மெயினை ஆஃப் செய்தாலும், தெருவிலிருந்து வந்து மெயினில் ஏறும் கம்பிகளில் உயிர் இருக்கும்.

நான்கு கம்பி, 18 அங்குலம். லைன் இரண்டு, நியூட்ரல் ஒன்று, இவை மூன்றும் 6 கேஜ். பச்சைக்கு அதைவிட மெல்லிய 10 போதும், பழுது வந்தால் ஒழிய அதில் கரண்ட் ஓடாது. பைப் இல்லாமல் கேபிளை நேரே புதைத்தால் ஆழம் 24 அங்குலம். கனத்த இரும்புக் குழாய் என்றால் 6 போதும். மண்வெட்டிக்கு எது தாங்கும் என்பதே இங்கே கணக்கு. வீட்டுக்குள் ஓடும் சாதாரண மஞ்சள் உறைக் கேபிளைப் பைப்பில் நுழைத்துப் புதைக்கக் கூடாது. மண்ணுக்குள் பைப்பில் எப்படியும் ஈரம் சேரும்.

100 ஆம்ப் பெட்டி. 60 ஆம்ப் வரும் இடத்தில் 100 ஏன் என்பார்க்கு: அது பெட்டி தாங்கும் உச்ச அளவு. கம்பிக்குக் காவல் வீட்டில் இருக்கும் 60 பிரேக்கர். கராஜ் பெட்டியின் மெயின், அங்கேயே நின்று எல்லாவற்றையும் அணைப்பதற்கு மட்டும்.

நியூட்ரல், எர்த் தனித்தனி. பச்சை ஸ்க்ரூ வேண்டாம். சீட்டின் சாரம் இந்த வரியில்தான். நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்தில், கரண்ட் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மட்டுமே சேர வேண்டும். பெட்டி வாங்கினால் கூடவே ஒரு பச்சை ஸ்க்ரூவும் வரும். நியூட்ரல் பட்டையைப் பெட்டியின் உலோகத்தோடு இணைப்பது அதன் வேலை. மெயின் பேனலில் அது கட்டாயம், சப்-பேனலில் கூடாது. இங்கேயும் முடுக்கிவிட்டால் திரும்பும் கரண்டுக்கு இரண்டு வழி கிடைக்கும். பழுது எதுவும் இல்லாமலே பச்சைக் கம்பியிலும் அதைத் தொடும் உலோகத்திலும் ஒரு பங்கு ஓடும். அதைவிட மோசம், பள்ளத்தில் நியூட்ரல் அறுந்துபோனால் வருவது. ஸ்க்ரூ இல்லாத பெட்டியில் விளக்கு மங்கியோ மிகையாய் எரிந்தோ காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரூ இருந்தால் எல்லாம் ஒழுங்காகவே எரியும். நியூட்ரலின் சுமை முழுக்க அந்த 10 கேஜ் பச்சை மீது ஏறியிருக்கும், யாருக்கும் தெரியாது.

இந்த விதிக்குப் புறனடை ஒன்று உண்டு. தனிக் கராஜுக்குப் பச்சை இல்லாமல் மூன்று கம்பி மட்டும் இழுக்க, சில நிபந்தனைகளோடு, 2008 பதிப்பு வரும்வரை அமெரிக்க மின்விதி இடம் கொடுத்தது. அப்படிப்பட்ட பழைய கராஜில் நியூட்ரலே எர்த்தின் வேலையையும் பார்க்கிறது. 'ஸ்க்ரூ வேண்டாம்' என்று எங்கோ படித்துவிட்டு அதைக் கழற்றினால், பழுதுக் கரண்ட் திரும்பப் பாதையே இல்லாமல் போகும். அங்கே முதலில் நான்காவது கம்பி இழுப்பது, பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றுவது.

எர்த் ராடு இரண்டு. 8 அடி ராடு, ஒன்றுக்கொன்று குறைந்தது 6 அடி தள்ளி. ஒரே ராடு 25 ஓமுக்குள் அடங்குகிறது என்று அளந்து காட்டினால் இரண்டாவது தேவையில்லை. அளப்பதைவிட அடிப்பது மலிவு என்பதால் எல்லோரும் இரண்டாகவே அடிக்கிறார்கள். வீட்டோடு ஒட்டிய கராஜுக்கு ராடே வேண்டாம்.

'ராடு இருக்கிறதே, பச்சைக் கம்பி எதற்கு?' என்ற வாதம் இங்கே எழும். கணக்குப் போடுவோம். டிரில் மெஷின் உடம்பில் லைன் பட்டுவிட்டது, திரும்ப ராடும் மண்ணும் மட்டுமே வழி. 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்ப். 20 ஆம்ப் பிரேக்கர் இதற்கு அசையாது. மெஷினில் கரண்ட் நின்றபடியே இருக்கும். பச்சைக் கம்பி வழியாக என்றால் சில நூறு ஆம்ப் பாய்ந்து பிரேக்கர் உடனே விழும். ராடு இடிமின்னலுக்கு, ஆளைக் காப்பது பச்சை. எர்த் குழியை நம்பிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம், ஆனால் நம்மூரிலும் குழி தனியாக அந்த வேலையைச் செய்வதில்லை. 30 மில்லிஆம்ப் கசிந்தாலே அறுக்கும் ஆர்சிசிபி கூட இருந்தால்தான் நம்பலாம்.

பெர்மிட் உண்டு. மின்விதி 1897-இல் தொடங்கி, இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அது தானாகச் சட்டம் ஆகாது. மாநிலமோ நகரமோ ஏற்க வேண்டும், ஏற்கும் பதிப்பும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே மேலே சொன்ன எண்களை உள்ளூர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன் பள்ளத்தை மூடினால் மறுபடி தோண்டச் சொல்வார்.

சீட்டு சொல்லாமல் விட்டவை இரண்டு. தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-ஐ அழைத்தால், கேஸ் குழாயும் கேபிளும் போகும் தடத்தை இலவசமாகவே குறித்துத் தருவார்கள். மற்றது, கம்பி முனைகளை முடுக்கும் அளவு. கைப்பழக்கத்தில் முடுக்குவது போதாது. பெட்டியின் மேல் அச்சிட்ட அளவுக்கு டார்க் கருவி வைத்தே முடுக்க வேண்டும் என்று 2017 பதிப்பு எழுதிவைத்தது. லூஸ் கனெக்ஷன் சூடேறினாலும் ஓடும் ஆம்ப் கூடுவதில்லை. அதனால் 60 பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.