மணமேடையில் முதல் பேச்சு யாருடையது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், இங்கே கோட்டுச்சேரியிலேயே மண்டபம், சீர்திருத்தத் திருமணம். "சார், நீங்கதான் மேடையைப் பார்த்துக்கணும்" என்று ஒரு தாளை நீட்டினார். வரவேற்புரை, முன்மொழிதல், வழிமொழிதல், தலைமையுரை, அதன்பின் வாழ்த்துரைக்கு 13 பேர். மணமக்கள் உறுதிமொழியை எங்கே என்று தேடினேன். ஒன்பதாவது வாழ்த்துரைக்கும் பத்தாவது வாழ்த்துரைக்கும் நடுவில், பிறகு ஞாபகம் வந்து பேனாவால் செருகியிருந்தார்.

"என்னப்பா, கல்யாணம் யாருக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் வரலாறு.

அகநானூற்றின் 86-ஆம் பாட்டு ஒரு திருமணத்தைக் காட்டுகிறது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உளுந்து சேர்த்த சோறு பரிமாறுகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அந்தப் பாட்டில் புரோகிதர் இல்லை. வாழ்த்துரை வழங்குகிறவர்கள் பெண்கள்.

அடுத்து, தரங்கம்பாடி தாண்டினால் வரும் பூம்புகாருக்குப் போவோம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் கோவலன் கண்ணகி திருமணம். அங்கே முதிய பார்ப்பான் சடங்கு காட்ட, மணமக்கள் தீவலம் வருகிறார்கள். பெண்கள் விளக்கும் பூவுமாக வந்து, இருவரும் பிரியாதிருக்க வாழ்த்துகிறார்கள். கோவலனும் கண்ணகியும் மட்டும் அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றியது 1739-இல். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அவர்கள் கொண்டுவந்தவற்றில் ஒன்று 'மேரி' கல்யாணம், அதாவது மேயர் அலுவலகத்தில் நடக்கும் பதிவுத் திருமணம். 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, யார் எப்போது பேச வேண்டும் என்பதையே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. முதலில் அதிகாரி, கணவன் மனைவியின் உரிமை கடமைகள் பற்றிய பிரிவுகளைப் படிப்பார். அடுத்து இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் சம்மதத்தை வாயால் சொல்ல வேண்டும். அதன்பிறகே அதிகாரி, சட்டத்தின் பெயரால் இவர்கள் தம்பதியர் என்று அறிவிப்பார். உடனே பதிவேட்டில் எழுத வேண்டும். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். இன்றைக்கும் இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நம் ஊர் நிக்காஹ்வைப் பாருங்கள். பெண்ணின் சம்மதத்தைச் சாட்சிகளோடு கேட்ட பிறகுதான் மற்றது. தேவாலயத்திலும் குருவானவர் இருவரிடமும் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார்.

இப்போது சுயமரியாதைத் திருமணம். 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லை, சமஸ்கிருத மந்திரம் இல்லை. மந்திரம் இருந்த இடத்துக்குப் பேச்சு வந்தது. தலைவரை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பொதுக்கூட்டத்து நடைமுறை அப்படியே மணமேடை ஏறியது. அதில் ஒரு கணக்கும் உண்டு. பொதுக்கூட்டத்துக்கு வராத பெண்கள் கல்யாணத்துக்கு வருவார்கள். பெண் கல்வி, விதவை மறுமணம், சாதி ஒழிப்பு எல்லாம் பந்திக்கு முன்னால் அவர்கள் காதில் விழுந்தன. நீண்ட வாழ்த்துரைக்கு அன்று ஒரு வேலை இருந்தது.

ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கம் என்றும் சொல்ல முடியாது என்பது காரணம். மேடையில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பாதிப்பு யாருக்கு? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்.

1967-இல் அண்ணா ஆட்சி இதைச் சரிசெய்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு சேர்ந்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் நடந்த திருமணங்களும் செல்லும் என்றது. பின்னாளில் நம் புதுச்சேரி மாநிலத்துக்கும் அந்தப் பிரிவு வந்தது.

அதில் என்ன இருக்கிறது? உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றவோ மோதிரம் அணிவிக்கவோ வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். அந்த 'அல்லது' என்ற இடைச்சொல்லைக் கவனியுங்கள். வாயால் சொல்லும் சொல் ஒன்றே போதும் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், இத்திருமணத்துக்கு ஊரைக் கூட்டி அறிவித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

ஆக, மற்ற எல்லாருடைய பேச்சும் விருப்பம். மணமக்கள் பேச்சு மட்டுமே திருமணம்.

எனக்குச் சிரிப்பு வராத காரணத்துக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் கல்யாணத்தில் நான்தான் தொகுப்பாளர். வாழ்த்துரை நீண்டுகொண்டே போனது. "சார், நேரமாச்சு, பந்தி காத்துக்கிட்டு இருக்கு" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள். நான் உறுதிமொழியை விட்டுவிட்டேன். மாலை, தாலி, நன்றியுரை. முடிந்தது. நாலைந்து வருடம் கழித்து அந்தப் பெண் கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தபோது பார்க்கப் போனேன். குறை சொல்லவில்லை. "அன்னிக்கு எல்லாரும் பேசினீங்க சார். என்னைத்தான் யாரும் கேக்கல" என்றது. அவ்வளவுதான். உறுதிமொழி சொல்லியிருந்தால் அந்த வாழ்க்கை நன்றாக அமைந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் குரலுக்கு இருந்த ஒரே நேரத்தை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்தவன் நான்.

அதனால் இந்தத் தடவை தாளைத் திருத்தினோம். வரவேற்புரை 2 நிமிடம். தலைவர் 5 நிமிடம். உடனே உறுதிமொழி, முதலில் பெண், அடுத்து மாப்பிள்ளை. யாரும் முன்னால் படித்துக்காட்டக் கூடாது, அவர்களே தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு மாலை, தாலி. வாழ்த்துரை நான்கே பேர், ஆளுக்கு 3 நிமிடம். அதில் ஒருவர் பெண்ணின் அப்பாயி. "நான் என்னத்தப் பேசப்போறேன்?" என்று வெட்கப்பட்டார்களாம். அகநானூற்றுக் கதையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மீதி ஒன்பது பேருக்கும் பந்தியில் முதல் வரிசை. ஒரு பெரியப்பா மட்டும் "அப்போ நான் வரல" என்று கோபித்துக்கொண்டாராம். நாளை நானே நேரில் போய்ப் பேசுகிறேன்.

உங்கள் வீட்டுத் திருமணத்தில் மணமக்கள் எத்தனையாவதாகப் பேசினார்கள்? யோசித்துப் பார்த்துக் கீழே எழுதுங்கள்.