பேனாவால் திறந்த பூட்டு

சைக்கிள் பூட்டைத் திறக்க என்ன வேணும்?

சாவி வேணும்னு சொல்வீங்க. திருடனா இருந்தா ரம்பம், சுத்தியல், கம்பின்னு பட்டியல் போடுவீங்க.

2004 செப்டம்பரில் அமெரிக்காவில் பேர் பெற்ற, விலை உயர்ந்த ஒரு சைக்கிள் பூட்டைத் திறக்க ஒரு பால்பாயிண்ட் பேனா போதுமானதாக இருந்தது. பேனாவின் பின்பக்க அடைப்பைக் கழட்டி, குழாயைச் சாவித்துளையில் அழுத்தி, லேசாக ஆட்டித் திருப்பினால் சில வினாடிகளில் பூட்டு கையோடு வந்துவிடும்.

அந்தப் பூட்டின் கதையையும், அதுக்கு 150 வருஷம் முன்னாடி லண்டனில் நடந்த இன்னொரு பூட்டின் கதையையும் இந்த இழையில் சொல்றேன். கடைசியில் நம்ம ஊர் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் வருவோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

*

வருஷம் 1851. லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை எழுப்பி, உலகப் பெருங்காட்சி நடத்துறாங்க. அன்றைய இங்கிலாந்துக்குப் பெருமைப்பட நிறைய இருந்தது. அதில் பூட்டும் ஒன்று.

குறிப்பாக ரெண்டு பூட்டு.

முதலாவது பிராமா பூட்டு. ஜோசப் பிராமா 1784ல் காப்புரிமை வாங்கியது. பிக்காடிலியில் இருந்த கடையின் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைச் சாவி இல்லாமல் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் யாராலும் முடியவில்லை.

ரெண்டாவது சப் பூட்டு. ஜெரமையா சப் 1818ல் காப்புரிமை வாங்கியது. இதில் ஒரு அழகான யோசனை இருந்தது. யாராவது கள்ளச்சாவி போட்டு நோண்டினால் உள்ளே ஒரு நெம்பு சிக்கிக்கொள்ளும். அடுத்து சொந்தக்காரர் சாவி போடும்போது திறக்காது. அதை வைத்தே "யாரோ கை வெச்சிருக்காங்க" என்று அவருக்குத் தெரிந்துவிடும். துப்புச் சொல்லும் பூட்டு!

இந்த நேரத்தில்தான் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து சேர்கிறார். தன் கம்பெனிப் பூட்டைக் காட்சிக்கு வைக்க வந்தவர். வந்த இடத்தில் "உங்க பூட்டு ரெண்டையும் நான் திறக்கிறேன்" என்றார்.

சாட்சிகள் முன்னிலையில் சப் பூட்டைத் திறந்தார். ஆன நேரம் 25 நிமிடம்.

பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை தேவைப்பட்டது. அதையும் திறந்து 200 கினியை வாங்கிக்கொண்டார்.

இங்கிலாந்தே அதிர்ந்தது. பத்திரிகைகளில் விவாதம். அப்போது ஒரு தரப்பு சொன்ன வாதம் இன்னிக்கும் நமக்குப் பழக்கமானது: "பூட்டின் பலவீனத்தை இப்படி ஊரறியச் சொல்லலாமா? திருடனுக்குப் பாடம் நடத்துற மாதிரி ஆகாதா?"

ஹாப்ஸ் தரப்பின் பதில் 1853ல் வெளிவந்த பூட்டுகள் பற்றிய ஒரு நூலில் இருக்கிறது. அதன் சாரம்: திருடனுக்கு அது தொழில், நாம் கற்றுத் தருவதற்கு முன்பே அவனுக்கு நிறையத் தெரியும். தெரியாமல் இருப்பது காசு கொடுத்துப் பூட்டு வாங்கும் நேர்மையானவருக்குத்தான்.

இதை மனசில் வெச்சுக்கோங்க. இப்ப சைக்கிளுக்கு வருவோம்.

*

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் கிளம்பியது. பெரியவர்களும் சைக்கிள் வாங்கினார்கள். கூடவே திருட்டும் வந்தது. அப்போது இருந்ததெல்லாம் சங்கிலியும் தொங்கு பூட்டும், இல்லன்னா கம்பி வடமும்தான்.

கம்பி வடம் பார்க்கத் தடியாக இருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே மெல்லிய இழைகளின் கற்றை, அவ்வளவுதான். வடம் வெட்டும் கட்டர் அந்த இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துக்கொண்டே போகும். சங்கிலியும் நீளக் கைப்பிடி கட்டருக்குத் தாங்காது.

பாஸ்டனில் ஸ்டான்லி கப்லன் என்ற சைக்கிள் மெக்கானிக் இதுக்கு ஒரு வழி கண்டார். எஃகை 'யூ' எழுத்து மாதிரி வளைத்து, திறந்த பக்கத்தைக் குறுக்குச் சட்டத்தால் மூடினார். மைக்கேல் ஸேன் என்பவர் அதை வாங்கித் தொழிலாக வளர்த்தார். பெயர் கிரிப்டோனைட். சூப்பர்மேனையே வீழ்த்தும் கல்லின் பெயர்!

விளம்பரத்துக்கு அவர்கள் செய்த சோதனை பிரபலம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டி 30 நாள் விட்டார்கள். கழட்ட முடிந்த பாகத்தையெல்லாம் திருடர்கள் கழட்டிக்கொண்டு போனார்கள். பூட்டு மட்டும் அசையவில்லை.

அதிலிருந்து 30 வருஷம், நல்ல சைக்கிள் பூட்டு என்றாலே 'யூ' பூட்டு என்று ஆனது.

*

சரி, பலவீனம் எங்கே இருந்தது?

எஃகில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை சாவித்துளையில்.

அதில் வட்டச் சாவி போடுவார்கள். குழாய் மாதிரி சாவி, வட்டமான துளை. துளைக்குள் சுற்றிலும் சின்னச் சின்ன ஊசிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். சாவியின் விளிம்பில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு ஊசியையும் சரியான ஆழத்துக்குத் தள்ளினால் பூட்டு சுழலும். ஒரு ஊசி தவறினாலும் சுழலாது.

சாதாரண பேனாவின் குழாய் கிட்டத்தட்ட அதே விட்டம். அதன் பிளாஸ்டிக் மென்மையானது. அழுத்தி ஆட்டும்போது ஊசிகள் பிளாஸ்டிக்கில் பதிந்து தங்களுக்கு வேண்டிய பள்ளங்களைத் தாங்களே போட்டுக்கொள்ளும். அதாவது பூட்டே தனக்கு ஒரு சாவி செய்து கொடுத்துவிடும்.

2004 செப்டம்பரில் இதன் வீடியோ இணையத்தில் பரவியது. முதலில் நிறுவனம், இந்த வகைச் சாவித்துளை பல வருஷமாகப் பயன்பாட்டில் உள்ளதுதான், பூட்டு இப்பவும் திருடனைத் தடுக்கும் என்ற தொனியில் பேசியது. சில நாட்களிலேயே இறங்கி வந்து, பழைய பூட்டைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 4 லட்சம் பூட்டுகள் மாற்றித் தரப்பட்டன. வட்டச் சாவி போய்த் தட்டைச் சாவி வந்தது. இந்த ஓட்டை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. அதே வகைத் துளை வைத்த மற்ற கம்பெனிப் பூட்டுகளும் திறந்தன.

இனிதான் முக்கியமான விஷயம்.

இதே ஓட்டையைப் பற்றி 1992லேயே பிரிட்டனில் சைக்கிள் பற்றி எழுதும் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிவிட்டார். அச்சில் வந்தது. ஆனாலும் 12 வருஷம் அதே வகைச் சாவித்துளையோடு பூட்டுகள் விற்றன.

அந்த 12 வருஷத்தில் சைக்கிளைத் தொலைத்தவரை நினைச்சுப் பாருங்க. பேனாவால் திறந்த பூட்டில் ஒரு கீறல் இருக்காது. வெட்டிய துண்டு தரையில் கிடக்காது. "நான் நல்லா பூட்டிட்டுத்தான் போனேன்" என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும், கேட்பவர் என்ன சொல்வார்?

"பூட்ட மறந்திருப்பீங்க."

பலவீனத்தை வெளியே சொல்லாமல் வைத்தால் பழி பூட்டின் மேல் விழாது, தொலைத்தவர் மேல் விழும். ரகசியத்தின் உண்மையான விலை இதுதான்.

*

மருத்துவத்தில் இந்தப் பாடத்தை நாங்க ரொம்பக் கொடூரமாகக் கற்றோம்.

1957ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு மாத்திரை விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பான தூக்க மருந்து என்று விற்றார்கள். கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் போன்ற மருத்துவர்கள் மாத்திரையைச் சந்தேகித்தார்கள். லென்ஸ் எச்சரித்த பிறகுதான், 1961 நவம்பரில் அங்கே விற்பனை நின்றது. பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகெங்கும் 10,000க்கும் மேல் என்று கணக்கு.

அதன் பிறகுதான் மருந்தின் பக்க விளைவைப் பதிவு செய்யும் முறை உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் 1964ல் மஞ்சள் அட்டை முறை, இந்தியாவில் 2010ல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம். "மக்கள் பயந்துடுவாங்க, வெளியே சொல்லாதீங்க" என்பது அறிவுரை மாதிரி இருக்கும். அதனால் பாதுகாக்கப்படுவது பெரும்பாலும் விற்றவர்தான்.

*

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மேலே சட்டத்தோடு முடுக்கியிருக்கும் வளையப் பூட்டு எல்லாருக்கும் தெரியும். தள்ளினால் ஒரு கம்பி கம்பிகளுக்கு நடுவே போய் உட்காரும், சாவியை எடுத்துக்கலாம். இதன் பலவீனங்களை வரிசையாகச் சொல்றேன்.

ஒண்ணு: இது சைக்கிளைச் சைக்கிளோடுதான் பூட்டுது, கம்பத்தோடு இல்லை. பின்பக்கத்தைத் தூக்கி உருட்டிக்கொண்டு போகலாம். ஒரு ஆட்டோ இருந்தால் இன்னும் சுலபம்.

ரெண்டு: மலிவான பூட்டுகளில் சாவி வகைகள் குறைவு. பள்ளி ஸ்டாண்டில் பக்கத்து சைக்கிள் சாவி நம்ம சைக்கிளுக்குச் சேர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

மூணு: அதைப் பிடித்திருப்பது ரெண்டு திருகாணியும் மெல்லிய தகடும்தான்.

நம்பர் பூட்டு? மூன்று வளையம் என்றால் மொத்தமே 1,000 எண்கள். பொறுமைசாலிக்கு அரை மணி நேர வேலை. மலிவானதில் வளையத்தை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் எந்த எண்ணில் தட்டுப்படுது என்று விரலுக்கே தெரியும்.

எங்க வார்டில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தரின் பழைய சைக்கிள் இப்படித்தான் போனது. ஸ்டாண்டில், வளையப் பூட்டு போட்டு, பட்டப்பகலில். காலை 6 மணி ஷிப்டுக்கு அவங்க கிராமத்திலிருந்து பஸ் கிடையாது. ஒரு மாசம் ஷேர் ஆட்டோவுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு போனது. ஆறுதல் சொன்னவங்க எல்லாரும் தவறாமல் கேட்ட கேள்வி: "ஒழுங்கா பூட்டினியாம்மா?"

ஒழுங்காத்தான் பூட்டினாங்க. பூட்டுதான் ஒழுங்கா இல்லை.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு என்பது பிரிவு 303. திருட்டுப்போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாக அது வகைப்படும். பழைய சைக்கிள் பெரும்பாலும் அந்த மதிப்புக்குள்தான் வரும். இருப்பவருக்கு அது சின்னத் தொகை. சைக்கிளை நம்பி வேலைக்குப் போறவருக்கு அதுதான் பஸ், அதுதான் ஆட்டோ.

*

அப்போ நல்ல பூட்டே கிடையாதா?

திறக்க முடியாத பூட்டு கிடையாது. 1992ல், பேனா ஓட்டை அச்சில் வந்த அதே வருஷம், பிரிட்டனில் போலீசாரின் முயற்சியில் 'சோல்ட் செக்யூர்' என்ற தரச்சோதனை அமைப்பு தொடங்கியது. அவங்க பூட்டை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் போன்ற தரங்களைக் கொடுப்பாங்க. தரத்தின் அடிப்படை, குறிப்பிட்ட கருவிகளை எதிர்த்துப் பூட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பது. இன்று பேட்டரியில் ஓடும் கட்டிங் மிஷின் வந்த பிறகு அந்த நிமிடங்களும் சுருங்கிவிட்டன. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம். அவ்வளவுதான்.

அந்த நேரத்தை எப்படிக் கூட்டுறது?

1. வளையப் பூட்டோடு நிறுத்தாதீங்க. கூடவே தடித்த சங்கிலியோ 'யூ' பூட்டோ போட்டு, சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, தரையில் பதித்த கம்பத்தோடு பூட்டுங்க.

2. மேலே உருவி எடுக்க முடியாத கம்பமா பாருங்க. பூட்டு தரையைத் தொடாமல் இருக்கட்டும். தரையில் வைத்தால் சுத்தியலால் அடிப்பது சுலபம்.

3. மெல்லிய கம்பி வடத்தை மட்டும் நம்பாதீங்க. சீட்டைக் கட்டி வைக்க அது போதும்.

4. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிறுத்துங்க.

5. சட்ட எண் சீட் குழாய் பக்கமோ பெடல் அச்சுக்கு அடியிலோ அடித்திருக்கும். இன்னிக்கே போட்டோ எடுங்க, பில்லையும் எடுத்து வைங்க. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதுக்கு இது இன்னும் அவசியம்.

6. திருட்டுப்போனால் மதிப்பு குறைவு என்று விட்டுடாதீங்க. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க. சைக்கிள் எங்காவது கிடைத்தால் அது உங்களுடையது என்று காட்ட அந்தத் தாள் வேணும்.

7. ஸ்டாண்டு நடத்தும் அலுவலகங்களுக்கு: நாலு இரும்புக் கம்பத்தைச் சிமெண்டில் நடுங்க. பூட்டைக் கட்ட இடமே இல்லாத ஸ்டாண்டில் எந்தப் பூட்டும் வேலைக்கு ஆகாது.

இதையெல்லாம் வெளியே எழுதினா திருடன் படிப்பானே என்று யாராவது கேட்டால் 1851ஐச் சொல்லுங்க. அவனுக்கு ஏற்கெனவே தெரியும். சைக்கிள் வெச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்குத்தான் தெரியணும்.

அடுத்த தடவை சைக்கிளைத் தொலைத்துவிட்டு ஒருத்தர் வந்து நின்னா, "பூட்டினீங்களா"ன்னு கேட்காதீங்க. "என்ன பூட்டு, எதோட சேர்த்துப் பூட்டினீங்க"ன்னு கேளுங்க. அடுத்த சைக்கிளுக்காவது உதவும்.